அளவும் ஆசையும்

பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் நான் செய்த ஒரு சிறு மோசடியை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். யாரும் கண்டுபிடிக்காத மோசடி அது. கண்டுபிடிக்காதது மட்டுமல்ல, அதற்காக எனக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் ஒரு 'வெரி குட்'டும் கிடைத்தன.

தனி ஊசல் சோதனை. பௌதிகம் படித்த நண்பர்கள் எல்லோரும் இதைச் செய்திருப்பார்கள். இலக்கியமும் சரித்திரமும் படிக்கும் நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு நூலில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். நூலின் நீளமும் ஆட்டத்தின் நேரமும் தெரிந்தால், விழும் பொருளைப் பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். என் நூல் 100 சென்டிமீட்டர். கடிகாரம் காட்டியது 40.5 விநாடி. கணக்குப் போட்டேன், 963 வந்தது. புத்தகத்தில் இருந்ததோ 981. "மறுபடியும் பார்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மணி நாலரை ஆகிவிட்டது. விடுதியில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைத் தோழன், "40.1-னு போடுடா, சரியா வரும்" என்று காதோடு காதாகச் சொன்னான். பென்சிலால் எழுதியிருந்த 5-ஐ அழித்துவிட்டு 1 என்று எழுதினேன். விடை 982. ரிக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 981 என்பது நம் ஊர்க் கணக்கே அல்ல. பூமியின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடும், பூமத்திய ரேகையை நோக்கி வர வரக் குறையும். 981 லண்டனுக்குப் பொருந்தும். சென்னையில் அது 978-ஐ ஒட்டியது. நான் 40.2 என்று எழுதியிருந்தால் 977 வந்திருக்கும். உண்மைக்கு அது எவ்வளவோ அருகில். திருத்தித் திருத்தி நான் போய்ச் சேர்ந்த இடம் லண்டன்!

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். டில்லிக்கு வந்து உயர்சக்திப் பௌதிகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பென்சில் திருத்தத்தின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கிற்று. விடையை முன்னால் வைத்துக்கொண்டு அளவை அதற்குப் பொருத்தும் பழக்கத்தை நம் செய்முறை வகுப்புகள் இளமையிலேயே கற்றுக்கொடுத்துவிடுகின்றன. மற்றத் துறைகளில் இப்பழக்கம் எவ்வளவு கெடுதல் செய்யுமோ நான் அறியேன். அணுத்துகள்களை அளக்கும் துறையில் இதைவிடப் பெரிய நஞ்சு இல்லை என்பது என் துணிபு. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நாங்கள் எதைத்தான் அளக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

1951, 1952-ம் ஆண்டுகளில் சிக்காகோ சர்வகலாசாலையில் என்ரிகோ ஃபெர்மியும் அவருடைய தோழர்களும் பயான் என்னும் துகள்களைத் திரவ ஹைட்ரஜன் மீது பாய்ச்சினார்கள். ஹைட்ரஜன் அணுவின் கரு வெறும் ஒரு புரோட்டான்தான். எத்தனை பயான் உள்ளே போயிற்று, எத்தனை நேராக வெளியே வந்தது என்று எண்ணுவதுதான் வேலை; குறைந்தவை புரோட்டானோடு மோதியவை. பயானின் சக்தியைக் கூட்டக் கூட்ட மோதல்களும் கிடுகிடுவென்று கூடின. பின்னர் சக்தியை மேலும் உயர்த்தி அளந்தபோது, 190 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அளவில் மோதல்கள் உச்சிக்குப் போய், அதற்கப்பால் சரிந்தன. வரைபடத்தில் பார்த்தால் ஒரு மேடு. தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் கூட்டிய பக்கத்துத் தந்தி தானே அதிர்கிறதல்லவா? சுருதி சற்று விலகினாலும் அது அசைவதில்லை. அதே நியாயந்தான் இங்கும். ஆகையால் இதற்கு 'ஒத்ததிர்வு' என்று பெயர். பயானும் புரோட்டானும் அந்த ஒரு சுருதியில் சேர்ந்து, கண நேரம் ஒரே துகளாகி, மறுபடியும் பிரிந்துவிடுகின்றன. அந்தத் துகளுக்கு டெல்ட்டா என்று பெயரிட்டார்கள். அதன் நிறை 1232 எம்.இ.வி.

கண நேரம் என்றா சொன்னேன்? தவறு. ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மீண்டும் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மூன்றாம் முறையும் கோடிப் பங்காக்கி, வந்த துளியை 180 கூறாக்கினால், ஒரு கூறுதான் டெல்ட்டாவின் ஆயுள். அவ்வளவு நேரத்தில் ஒளிகூட ஒரு புரோட்டானின் குறுக்களவைத்தான் கடக்க முடியும். அப்படியானால் அதை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கடிகாரத்தாலும் அளக்க முடியாது. மேட்டின் அகலத்திலிருந்துதான் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். டெல்ட்டாவின் மேடு 117 எம்.இ.வி. அகலம். அகன்ற மேடு அற்பாயுசு. ஒடுங்கிய மேடு தீர்க்காயுசு. 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஒரே சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஜே-சை என்னும் துகளுக்கு டெல்ட்டாவைப் போல் இரண்டரை மடங்கு நிறை, அகலமோ 0.1 எம்.இ.வி.கூட இல்லை. அந்த ஒடுக்கத்தைக் கண்டுதான் உலகமே பரபரத்தது.

ஆக, எங்கள் துறையில் ஒரு துகள் என்பது பெரும்பாலும் ஒரு வரைபடத்தில் உள்ள மேடு. அதுவும் தனியாக நிற்கும் மேடு அல்ல. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் எண் போட்ட சீட்டுக் கொடுக்கிறார்கள். தம்பதிகளுக்கு மட்டும், இருவர் சீட்டின் எண்களையும் கூட்டினால் 100 வரும்படி கொடுத்துவிடுகிறார்கள். யார் யாருடன் வந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. எல்லோரும் போன பிறகு சீட்டுகள் மட்டும் குவியலாகக் கிடக்கின்றன. இதில் எத்தனை தம்பதிகள்? ஒவ்வொரு சீட்டையும் மற்ற ஒவ்வொரு சீட்டோடும் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். தவறான ஜோடிகள் ஏதேதோ தொகை தரும். அவற்றால் ஒரு பரந்த திடல் உண்டாகும். சரியான ஜோடிகளெல்லாம் 100-இல் வந்து குவியும். திடலின் மேல் ஒரு சிறு மேடு எழும். மோதலில் சிதறிய துகள்களின் சக்தியையும் உந்தத்தையும் அளந்து, இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ சேர்த்து, தாய்த் துகளின் நிறையைக் கணக்கிடும்போது நாங்கள் செய்வது இதுவேதான்.

தொல்லை திடலில்தான் இருக்கிறது. திடல் வழவழப்பாக இராது. எண்ணிக்கை என்றாலே ஏற்ற இறக்கம் உண்டு. நூறு என்று எதிர்பார்த்த இடத்தில் 110-ம் வரலாம், 90-ம் வரலாம். பத்தாயிரம் என்று எதிர்பார்த்தால் நூறு ஏறலாம், நூறு இறங்கலாம். இந்த இயல்பான தடுமாற்றத்துக்கு ஒரு சிக்மா என்று பெயர். மூன்று சிக்மா உயரமுள்ள மேடு தற்செயலாக எழ, ஓரிடத்தில் சுமார் எழுநூற்றில் ஒரு வாய்ப்புத்தான். 'எழுநூற்றில் ஒன்றா? அப்படியானால் துகள்தான்' என்று மனம் துள்ளுகிறது. ஆனால் பார்த்த இடம் எத்தனை? வரைபடம் எத்தனை? அதை மனம் எண்ணுவதே இல்லை.

டொனால்ட் கிளேசர் 1952-ல் குமிழிக் கலத்தைக் கண்டுபிடித்த பின், இத்துறை ஒரு தொழிற்சாலையாகவே மாறிவிட்டது. பெர்க்லியில் லூயி ஆல்வரெஸ் 72 அங்குல நீளமுள்ள ஹைட்ரஜன் கலத்தைக் கட்டினார். லட்சக்கணக்கில் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றை மேஜைமேல் பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டையும் தொடர்ந்து அளந்தவர்களில் மிகப் பலர் பெண்கள். கட்டுரைகளின் தலைப்பில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம். 1960, 1961-ம் ஆண்டுகளில் ரோ, ஒமேகா முதலிய புதிய ஒத்ததிர்வுகள் வரிசையாக வந்ததற்கு அவர்களுடைய கண்களும் காரணம். மாணவர்கள் நோபல் பரிசுக்காரர் பெயரை மனப்பாடம் செய்கிறோம், இவர்களை மறந்துவிடுகிறோம். இது நிற்க.

அதே பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்பவர் 1968-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உலகத்தில் ஆண்டுதோறும் எத்தனை வரைபடங்கள் வரைகிறார்கள், அவற்றில் எத்தனை இடங்களில் மேடு தேடுகிறார்கள் என்று மதிப்பிட்டு, துகள் ஏதும் இல்லாமலே, தற்செயலாகவே, வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான மூன்று சிக்மா மேடுகளும் சில நான்கு சிக்மா மேடுகளும் கிளம்பும் என்றார்! அங்கே ஒரு விளையாட்டும் நடந்ததாம். 'மேடு கண்டேன்' என்று ஓடி வருகிறவரிடம், கம்ப்யூட்டர் தயாரித்த நூறு வரைபடங்களைக் கொடுப்பார்கள். அத்தனையும் வழவழப்பான திடலிலிருந்து தற்செயல் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே பிறந்தவை. அவற்றை நண்பர்களிடம் காட்டி, எதில் மேடு நன்றாகத் தெரிகிறது என்று கேட்டு வரச் சொல்வார்கள். பொய் வரைபடங்களிலேயே அவர் கொண்டுவந்ததைவிட அழகான மேடுகள் கிடைத்தால், அவர் பேசாமல் தம் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவு நாகரிகமாக ஒரு மனிதனின் ஆசையை அடக்கும் முறையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் ஆசை அடங்குவதில்லை. ஏ-2 என்று ஒரு மெஸான் உண்டு. நிறை 1300 எம்.இ.வி.யைச் சற்று ஒட்டியது. 1960-களின் பிற்பாதியில் ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் அதை அளந்தபோது, மேட்டின் நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஒரு மேடு அல்ல, இரட்டை மேடு என்று அறிவித்தார்கள். உடனே வேறு சில இடங்களிலும் பள்ளம் தெரிய ஆரம்பித்தது. கொள்கை வகுப்பவர்கள் இரட்டை மேட்டுக்கு விளக்கம் எழுதினார்கள். 1970-க்குப் பிறகு மற்றக் குழுக்கள் மேலும் பன்மடங்கு நிகழ்ச்சிகளைச் சேர்த்து அளந்து பார்த்தன. பள்ளம் இல்லை; மேடு ஒன்றுதான்.

அப்படியானால் அத்தனை பேரும் பொய் சொன்னார்களா? இல்லை. பின்னால் சொல்லப்பட்ட விளக்கம் என் நெஞ்சைச் சுட்டது. பள்ளம் தெரியாதபோது, 'கருவியில் ஏதோ கோளாறு' என்று துருவித் துருவிப் பார்த்தார்களாம். எந்தக் கருவியிலும் தேடினால் ஏதாவது ஒரு கோளாறு கிடைக்காமற் போகாது. அந்தப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டார்கள். பள்ளம் தெரிந்தபோதோ, 'சரியாக இருக்கிறது' என்று நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் பென்சிலை எடுக்கவில்லை. ஓர் எண்ணையும் அழிக்கவில்லை. 'மறுபடியும் பார்' என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னார்கள், அவ்வளவுதான். 963 வந்தால் 'மறுபடியும் பார்', 982 வந்தால் 'வெரி குட்'. என் பழைய செய்முறை அறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நானும் இதற்கு விலக்கல்ல. போன வருஷம் என் வரைபடத்தில் ஒரு மேடு வந்தது. இருபது எம்.இ.வி. அகலத்தில் கட்டம் போட்டபோது சுமாராக இருந்தது. இருபத்தைந்தாக மாற்றினேன், நிமிர்ந்தது. ஓரத்தில் வந்த துகள்களை ஒதுக்கினேன், இன்னும் நிமிர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நல்ல காரணம் ஒன்று என் கையில் இருந்தது. மூன்று இரவு தூங்கவில்லை. ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம்கூட ஏதோ உளறினேன். நாலாம் நாள் என் ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "பார்ப்பதற்கு முன்னால் எங்கே தேடப் போகிறாய், எப்படித் தேடப் போகிறாய் என்று எழுதி வைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை. "சரி, மிச்சமுள்ள பாதி விவரங்களை இன்னும் தொடவில்லையே? இதே கட்டம், இதே விதி, ஒன்றையும் மாற்றாமல் போட்டுக்கொண்டு வா" என்றார். போட்டேன். அந்த இடத்தில் மேடு இருக்கட்டும், சிறு குழியே இருந்தது.

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைவிடப் பெரியவர்கள் இதைவிடப் பெரிய மேடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். 2003-ல் ஜப்பானில் 1540 எம்.இ.வி. நிறையில், ஐந்து குவார்க்குகள் சேர்ந்த துகள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள். வழக்கமான துகள்களில் மூன்று குவார்க்கு இருக்கும், அல்லது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் இருக்கும். ஆகையால் ஐந்து என்பது பெரிய செய்தி. ஓராண்டுக்குள் ஏறக்குறைய பத்துக் குழுக்கள் 'நாங்களும் கண்டோம்' என்றன. அமெரிக்காவில் ஜெஃபர்சன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளாஸ் என்ற குழுவும் அவற்றில் ஒன்று. அந்தக் குழு அத்தோடு நிற்கவில்லை. பன்மடங்கு நிகழ்ச்சிகளைச் சேர்த்துத் தன் சோதனையையே திரும்பச் செய்து, 2005, 2006-ம் ஆண்டுகளில் 'காணவில்லை' என்று தானே எழுதிற்று. தாம் கண்டதைத் தாமே இல்லை என்று நிரூபிக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! கண்டுபிடித்தவர்களுக்கு மாலை போடுகிறோம். இவர்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

கதை அத்தோடு முடியவில்லை. 2015-ல் செர்ன் நிலையத்தின் எல்.எச்.சி.பி. குழு வேறிடத்தில், 4450 எம்.இ.வி. நிறையில், ஐந்து குவார்க்குத் துகளின் மேட்டைக் கண்டது. அப்போது அவர்கள் கையில் இருந்தவை சுமார் 26,000 நிகழ்ச்சிகள். 2019-ல் அது 2,46,000 ஆயிற்று. ஒன்பது மடங்குக்கு மேல். மறுபடி வரைந்து பார்த்தால், அந்த மேடு ஒன்றல்ல, இரண்டு! 4440-இல் ஒன்று, 4457-இல் ஒன்று, நடுவில் பள்ளம். ஐந்து சிக்மாவுக்கு மேல் உறுதி. இரட்டை என்று நம்பப்பட்ட ஏ-2 ஒற்றையாயிற்று. ஒற்றை என்று நம்பப்பட்ட இது இரட்டையாயிற்று. படத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கதைக்கும் பள்ளம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பள்ளத்தின் அழகு எதையும் நிரூபிப்பதில்லை. எண்ணிக்கை கூடக் கூட நிற்கிறதா கரைகிறதா என்பதுதான் கேள்வி. பத்திரிகைகளுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. 2015 டிசம்பரில் 750 ஜி.இ.வி. அளவில் இரு ஒளித்துகள்களின் மேடு ஒன்று தெரிந்தது. அதை விளக்கி ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் மேடு மறைந்தது. கட்டுரைகள் மட்டும் மிஞ்சின!

தம் ஆசையைத் தாமே நம்பாதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. அதுதான் கண்ணைக் கட்டிக்கொண்டு அளப்பது. ஹிக்ஸ் துகளை (பத்திரிகைகள் 'கடவுள் துகள்' என்று அழைத்துக் கடவுளையும் துகளையும் ஒருங்கே சிறுமைப்படுத்திய அதே துகள்தான்) தேடிய சி.எம்.எஸ். குழு, 2012-ல் மேடு வரக்கூடிய இடத்தை மூடிவைத்துவிட்டு, விதிகளையெல்லாம் முன்கூட்டி முடிவு செய்த பிறகே ஜூன் மாதத்தில் திறந்து பார்த்தது. இதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் ஃபெர்மி ஆராய்ச்சி நிலையத்தில் மியூவானின் காந்தத் தன்மையை அளந்தவர்கள் செய்தது. அவர்கள் தங்கள் கடிகாரத்தையே மறைத்து வைத்தார்கள். கடிகாரம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற உண்மையான எண் குழுவில் சேராத இருவருக்கு மட்டுந்தான் தெரியும். அது உறைக்குள் இருந்தது. ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாடுபட்டுக் கணக்கிட்ட விடை சரியா தப்பா என்று அவர்களுக்கே தெரியாது. எல்லாம் முடிந்து, 'இனி ஒன்றையும் மாற்றமாட்டோம்' என்று ஒப்புக்கொண்ட பின், 2021 பிப்ரவரியில் உறையைப் பிரித்தார்கள். என் ஸ்டாப் வாட்சை நினைத்துக்கொண்டேன்.

இப்படியெல்லாம் செய்வது வறட்டு வேலை, கற்பனைக்கு இடமில்லாத குமாஸ்தா வேலை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கொள்கைப் பௌதிகம் படிப்பவர்களுக்கு இந்த எண்ணம் அதிகம். அவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1989 முதல் 1995 வரை ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் இசட் என்னும் துகளை 1.7 கோடி முறை உண்டாக்கி அதன் மேட்டை அளந்தார்கள். மேட்டின் அகலத்திலிருந்து உலகத்தில் நியூட்ரினோ எத்தனை வகை என்று சொல்லிவிடலாம், விடை மூன்று. நிறை 91,188 எம்.இ.வி.; அதில் பிழை 2 எம்.இ.வி.தான். அந்த இரண்டுக்காக அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். கதிரின் சக்தி காரணமில்லாமல் சற்றுச் சற்று மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், காரணம் சந்திரன்! கடலில் அலை ஏறி இறங்குவதுபோல் பூமியின் பாறையும் ஏறி இறங்குகிறது. வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. அதைக் கழித்தார்கள். பிறகும் பகலில் ஒரு தடுமாற்றம். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அது அடங்கிவிடுகிறது. 1995-ல் அதன் காரணமும் பிடிபட்டது: ஜெனீவா ரயில் பாதையிலிருந்து கசிந்த மின்சாரம் வளையத்தின் குழாய் வழியே ஓடியிருக்கிறது. பாரிஸ் ரயில் புறப்படுவது இசட் துகளின் அளவில் தெரிந்தது! கற்பனை இல்லாதவன் சந்திரனையும் ரயிலையும் சந்தேகிப்பானா?

நம் நாட்டில் அவ்வளவு பணமும் கருவியும் ஏது என்று கேட்பதும் வழக்கம். கல்கத்தாவில் டி. எம். போஸும் விபா சௌதுரியும் 1930-களின் இறுதியிலும் 1940-களின் தொடக்கத்திலும் டார்ஜிலிங் மலைமீது போட்டோ தகடுகளை வைத்து, விண்கதிர்களின் தடங்களை அளந்தார்கள். எலெக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள மெஸானின் தடங்களை அவர்கள் அளந்து வெளியிட்டார்கள். யுத்தகாலத்தில் மேலான தகடுகள் கிடைக்கவில்லை. அவர்களால் மேலே போக முடியவில்லை. அதே முறையில் நல்ல தகடுகளைக் கொண்டு இங்கிலாந்தில் பவெல் செய்த வேலைக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. கருவிக் குறைவு உண்மைதான். இன்று நிலை வேறு: 2017-ல் இந்தியா செர்ன் நிலையத்தின் இணை உறுப்பு நாடாயிற்று. டில்லி, சண்டிகர், கல்கத்தா, பம்பாய் மாணவர்கள் அந்த விவரங்களைக் கையாள்கிறார்கள். கருவிக் குறைவு ஓரளவு நீங்கிற்று. 981 நோய் நீங்கவில்லை.

ஆகையால் என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வில் விடைக்கு மதிப்பெண் தருவதை அடியோடு நிறுத்த வேண்டும். அளவுக்கும், அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று மாணவன் எழுதும் காரணத்துக்குமே மதிப்பெண். பேனாவால்தான் எழுத வேண்டும். தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. ஒவ்வொரு மேஜைக்கும் வெவ்வேறு, பெயர் தெரியாத கம்பியும் குண்டும் வில்லையும் கொடுக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரனிடம் கேட்டுப் பயனில்லாமற் போகும். 963 என்று எழுதியவனைத் திருப்பி அனுப்பினால், 981 என்று எழுதியவனையும் திருப்பி அனுப்ப வேண்டும். இருவருக்கும் 'மறுபடியும் பார்' ஒன்றுபோல் கிடைக்கட்டும்.

ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, அறுபது பையன்கள், மூன்று மணி நேரம், பன்னிரண்டு ஸ்டாப் வாட்ச். நீங்கள் வந்து நடத்திப் பாருங்கள்" என்று சிரித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விடை தெரிந்தால் திருத்துவது சுலபம். தெரியாவிட்டால் ஒவ்வொரு நோட்டையும் படித்தாக வேண்டும். அறுபது நோட்டுக்கு அது பெரிய பாரம். ஆனாலும், இருபது சோதனைகளை அவசர அவசரமாகச் செய்வதற்குப் பதில் எட்டைச் செய்தால் அந்தப் பாரம் குறையாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். பாடத்திட்டக் குழுவைக் கேட்க வேண்டும் என்றார். பேச்சு அங்கே நின்றுவிட்டது.

பாடத்திட்டக் குழு கூடும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் ஒரு நூலும் பித்தளைக் குண்டும் இரண்டு ஸ்டாப் வாட்சும் கொண்டு வருகிறேன். நூலின் நீளத்தை நம் சங்கத்துக் காரியதரிசி அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தம்மிடமே வைத்துக்கொள்வார். வருகிறவர்கள் அனைவரும் ஆளுக்கு ஐந்து முறை ஆட்டத்தின் நேரத்தை அளந்து பேனாவால் எழுதித் தர வேண்டும். தமிழ் எம்.ஏ. நண்பர்களும் வரலாம், கணக்கு நான் போட்டுத் தருகிறேன். கடைசியில் உறையைப் பிரிப்போம். டில்லியில் பூமியின் இழுப்பு எவ்வளவு என்பதை மட்டும் அன்றுவரை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.